தறிதான் கீறியது என்றார்கள்

"மனசுல இருக்கறத எழுதும்மா, உன்ன மாதிரி பிள்ளைங்களுக்கு உதவியா இருக்கும்" என்று வார்டு ஆலோசகர் சொன்னபோதே, நான் எப்படி எழுத வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. இருட்டில் ஆரம்பிக்க வேண்டும், வெளிச்சத்தில் முடிய வேண்டும், நடுவில் அம்மா அழ வேண்டும். என் கதையில் அம்மா அழுகிறார். மற்ற இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை. குணமாகிவிட்டதா என்று யாராவது கேட்டால், இன்றைக்கு என்ன கிழமை என்று நான் திருப்பிக் கேட்பேன். சில கிழமைகளில் பரவாயில்லை.

இதை வார்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பேனா கேட்டால் கொடுப்பார்கள், எழுதி முடித்ததும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் கையை நானே காயப்படுத்திக்கொண்டதால் வந்த ஏற்பாடு இது. எதை வைத்து, எப்படி என்பதெல்லாம் இதில் வராது. அதைத் தேடி வந்தவர்கள் இத்தோடு மூடி வைத்துவிட்டு யாரிடமாவது போய் உட்காருங்கள். யாரிடம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. கூடத்தில் ஒரு தறி. தறி போக மிச்சமிருக்கும் இடத்தில் அப்பா, அம்மா, நான். அப்பா நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேருமிடத்தில் இழைக்கு இழை கோத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஆளாக அதை நெய்ய முடியாது. உடலுக்கான நாடாவை, ஊடை நூல் சுற்றி இங்குமங்கும் ஓடும் அந்தக் கட்டையை, அப்பா ஓட்டுவார். அவருக்கு வலது பக்கம் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போட வேண்டும். காலையில் அம்மா உட்காருவார், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான். அப்பா கை, என் கை, அப்பா கை, என் கை என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்குப் பேச்சு தேவையில்லை. போட்ட இழையை நெருக்கும் பலகை அடிக்கும் சத்தமே எல்லாம் சொல்லிவிடும்.

பேச்சு தேவைப்படாதது எங்கள் வீட்டுக்கு மிகவும் வசதியாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அப்பாவை யாரோ சரியாக வாங்க என்று கூப்பிடவில்லை. அதில் ஆரம்பித்த சண்டை. நான் அப்போது ஏழாவது படித்தேன். யார் என்ன சொன்னார்கள் என்பது இந்நேரம் இருவருக்குமே மறந்திருக்கும், பேசாத பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. "உங்கப்பாவ சாப்ட வரச் சொல்லு" என்று அம்மா சொல்வார். அப்பா கேட்கும் தூரத்தில்தான் இருப்பார். "சாதம் வெந்துடிச்சான்னு உங்கம்மாகிட்ட கேளு" என்பார் அவர். தறியில் ஓடும் நாடாக்கள் போதாதென்று நான் ஒரு நாடா.

பதினொன்றாம் வகுப்பில் சுடிதாரை முழுக்கை வைத்துத் தைக்கச் சொன்னேன். பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். தெருவில் முழுக்கை, வகுப்பில் முழுக்கை, தூங்கும்போதும் முழுக்கை. தறியில் மட்டும் அது முடியாது, தொங்கும் துணி இழையில் மாட்டிக்கொள்ளும். தறியில் உட்கார்ந்தால் முழங்கைக்கு மேலே மடித்துக்கொள்ள வேண்டும் என்பது சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்த பாடம். ஆகவே ரொம்ப நாள்வரை என் கையை உலகத்தில் பார்த்த ஒரே ஆள் அப்பா. தினமும் பார்த்தார். ஒரு முழம் தள்ளி.

தறி வீட்டில் கீறல் இல்லாத கை யாருக்கு இருக்கிறது? ஜரிகை கிழிக்கும், மரச் சிம்பு ஏறும். அப்பாவின் விரல்களைப் பார்த்தால் பூனை வளர்ப்பவர் என்று நினைப்பீர்கள். ஒருநாள் காலையில் அம்மா என் கையைப் பார்த்துவிட்டார். "இன்னாடி இது, தறி இப்படிக் கீறி வச்சிருக்குது?" என்றார். பழைய வேட்டியைக் கிழித்து என் கையில் சுற்றிக் கட்டிவிட்டார். எண்ணெய் போட்டால் பட்டில் கறை ஏறும், புண்ணின் பொருக்கு இழையை இழுக்கும், ரத்தம் பட்டால் சேலையே போச்சு. அதனால்தான் துணி. கட்டு மிருதுவாக, அழகாக இருந்தது. அம்மா எதையும் சுத்தமாகச் செய்கிறவர். அந்தக் கட்டைப் பார்த்ததும், இனிமேல் யாரும் கேட்கப் போவதில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்த வருடம் ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நர்ஸ் என் கையை இழுத்து மடித்துவிட்டாள். மடித்த வேகத்திலேயே இறக்கியும் விட்டாள். சத்தம் போடவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை. வரிசையில் அடுத்தவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னை ஆய்வகத்துக்குள் அழைத்துப் போய் உட்கார வைத்து, டீச்சர் மூலம் அம்மாவை வரவழைத்தாள்.

அம்மா மூச்சு வாங்க வந்தார். "ரத்தம் கம்மியா மேடம்?"

நர்ஸ் கையைக் காட்டினாள்.

"இதுவா? தறி வூடு மேடம். கீறல் இல்லாம இருக்குமா?"

"உங்க கையக் காட்டுங்கமா." அம்மா காட்டினார். "தறி கீறினா விரல்லதானே கீறியிருக்குது? பாப்பாவுக்கு மேல இருக்குதே."

அம்மா தன் கையையும் என் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என் முழுக்கையை இறக்கி, மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுவிட்டார். வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அக்கா என்னவாம் என்று கேட்டதற்கு உடனே பதில் சொன்னார். "ரத்தம் கம்மியாம்."

உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் மூவர் சீட்டில் நான் நடுவில். "தண்ணி பாட்டில் எடுத்தாங்களான்னு கேளு." "எடுத்தாச்சுன்னு சொல்லு." மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். கோயில் என்று நினைத்தாரா, பயத்தில் கழற்றினாரா தெரியவில்லை. காவலாளி திரும்பப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

காத்திருக்கும் கூடத்தில் என் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். எல்லோர் பக்கத்திலும் ஒரு அம்மா, எல்லா அம்மாக்கள் மடியிலும் ஒரு துணிப்பை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பல் டாக்டரிடம் போனால்கூட ‘உங்களுக்கு எந்தப் பல்’ என்று கேட்டுக்கொள்வார்கள். இங்கே அதுவும் கிடையாது.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். என் கையைச் சாதாரணமாகத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?"

அம்மா எழுந்தே விட்டார். "பச்சப் புள்ளகிட்ட போய் இன்னா கேள்வி கேக்கறீங்க டாக்டர்? நீங்களே சொல்லிக் குடுப்பீங்க போல இருக்குதே!"

"கேட்டா புதுசா வராதும்மா. உள்ள இருந்தா வெளிய வரும். உக்காருங்க."

எத்தனையோ பேர் என்னிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். மார்க் எவ்வளவு, ஏன் இளைத்துவிட்டாய், சாதம் வெந்துவிட்டதா. இதை யாரும் கேட்டதில்லை. "தோணும்" என்றேன். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க இவ கைய முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் டாக்டர். எம் பக்கத்துலதான் உக்காரும். தறி கீறிச்சின்னு நெனச்சிக்கினேன்."

"எத்தன நாளா?"

அப்பா யோசித்தார். "ரொம்ப நாளா."

"கேட்டீங்களா?"

அப்பா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரும் விட்டுவிட்டார்.

பிறகு டாக்டர் விளக்கினார். இது திமிர் இல்லை, நடிப்பு இல்லை, செய்வினையும் இல்லை. எனக்கு இருப்பது மனச்சோர்வு. சோகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சோகத்தில் ஒரு ருசியாவது இருக்கும். இதில் பிரியாணியும் புளிச்சோறும் ஒன்றுபோல இருக்கும், திருவிழாவும் துக்க வீடும் ஒன்றுபோல இருக்கும். வாயால் சொல்ல முடியாத வலியைச் சில பிள்ளைகள் உடம்பில் இறக்கி வைக்கிறார்கள், கொஞ்ச நேரம் அடங்கியது போல இருக்கும், பிறகு வெட்கம் வரும், அந்த வெட்கமே அடுத்த முறைக்குக் காரணமாகும் என்றார் டாக்டர். இப்படிச் செய்துகொள்கிற எல்லோரும் சாக நினைப்பவர்கள் இல்லை, ஆனால் இவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அதனால் உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் குரலில் அவசரமே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதுவும் பிடிக்கவில்லை.

பெண்கள் வார்டில் அம்மா மட்டும் தங்கலாம். நுழையும்போதே கம்மல், வளையல், ஹேர்க்ளிப் எல்லாவற்றையும் கழற்றி வாங்கினார்கள். பிறகு நர்ஸ் அம்மாவின் கழுத்தைக் காட்டி, "அந்த ஊக்கெல்லாம் எடுத்துடுங்கமா" என்றாள். அம்மாவின் தாலிச் சரட்டில் எப்போதும் ஊக்குக் கொத்து தொங்கும். தெருவில் யார் புடவை கிழிந்தாலும், எந்தப் பிள்ளையின் பட்டன் அறுந்தாலும் அம்மாவிடம்தான் வருவார்கள். "தாலில இருக்கறதப் போயி எடுக்கச் சொல்றியே" என்று அம்மா தகராறு செய்தார். நர்ஸ் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அம்மா திரும்பி நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. என் காயத்துக்காக வந்ததைவிட அதிகமாக வந்தது.

அடுத்த கட்டிலில் ஜெனிஃபர். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னேரிக்காரி, பத்தாவது. அவளுக்கு இது மூன்றாவது முறை என்பதால் வார்டுக்கே சீனியர்.

"ஃபர்ஸ்ட் டைமா?" என்றாள் என்னைப் பார்த்து. "சாயங்காலம் சைக்காலஜிஸ்ட் அக்கா வரும். ரீசன் கேக்கும். எல்லாருமே ரீசன் கேப்பாங்கோ. ஒரே ஒரு ரீசன் இருந்தா எப்பவோ சொல்லிட்டுப் போயிருப்பேனே!"

அவள் சொன்னதுதான் சரி. எனக்கும் ஒரு காரணம் என்று எடுத்து வைக்க முடியவில்லை. சைக்காலஜிஸ்ட் அக்கா புத்திசாலி, காரணம் கேட்கவில்லை, நேற்று காலையிலிருந்து என்னவெல்லாம் நடந்தது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல நேற்று போய் முந்தாநாள் வந்தது. பத்தாவது வரை தமிழ் வழி, பதினொன்றில் இங்கிலீஷ் மீடியம். வகுப்பில் நான் திக்கித் திக்கிப் படித்ததை யாரோ செல்போனில் பதிவு செய்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதற்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையை முதலில் போட்டவள் நிவேதா. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அடுத்த வாரம் பெஞ்சு மாறிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் இவருக்கு அவர் சொன்னது, அவருக்கு இவர் சொன்னது. நானாக ஒன்று சொல்ல வாய் திறந்தால், "உங்கம்மா சொல்லச் சொன்னாளா?" என்பார் அப்பா.

"வீட்ல யாரோட அதிக நேரம் இருப்பே?" என்று கேட்டார் அக்கா.

"அப்பாவோட. தறியில."

"என்ன பேசுவீங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தெருவில் அம்மா சொல்லியிருந்த ரத்தசோகை இதற்குள் நன்றாக வேலை செய்திருந்தது. அப்பா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய மாதுளை, பேரீச்சம்பழம், பீட்ரூட் கொண்டுவந்தார். யார் யாரோ கொடுத்தனுப்பியது. அவ்வளவு அன்பும் இல்லாத வியாதிக்கு வந்தது. இருக்கிற வியாதியைச் சொல்லியிருந்தால் பை காலியாக வந்திருக்கும் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாத்திரை எடுத்த ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது, எதுவும் இறங்கவில்லை. அது வேலை செய்யவே வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். மாதுளையெல்லாம் ஜெனிஃபருக்குப் போனது.

ஜெனிஃபரின் அம்மா ஏதோ கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறவர், வேலை முடிந்த சீருடையிலேயே வருவார். முதல் நாள் அவர் லெமன் சாதம் நீட்டியபோது, "அவ சாப்ட்டுட்டா" என்று அம்மா சொல்லிவிட்டார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அதை அவர் மறக்கவில்லை. மாதுளையை வாங்கும்போது, "எங்க கையால நீங்க சாப்ட மாட்டீங்கோ. உங்க கையால நாங்க சாப்பிடறோம்மா, பரவால்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜெனிஃபர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அம்மா அவரிடம் தானாகப் போய் டீ கேட்டு, அவருடைய பிளாஸ்க்கிலிருந்தே ஊற்றிக் குடித்தார். அதை மன்னிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜெனிஃபர் என்னிடம் சொன்னாள், "எங்க ஸ்கூல்ல நான் தொட்ட தண்ணி பாட்டில ஒருத்தி கழுவிட்டுத்தான் குடிப்பா. அதுவும் ரீசன்தான். ஆனா அது மட்டும் இல்ல."

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் எங்கள் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தார். "இனிமே இவ மூலமா பேசக் கூடாது. ரெண்டு பேரும் நேரா பேசுங்க. இப்பவே ஆரம்பிங்க."

அப்பா என்னைப் பார்த்து, "பேசறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார்.

டாக்டரே சிரித்துவிட்டார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா பக்கம் திரும்பி, "சாப்ட்டியா?" என்று கேட்டார். அம்மா ‘ம்’ என்று சொல்லப் பார்த்து, முடியாமல், குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆலோசகர் எதிர்பார்க்கும் அழுகை இதுதான். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கூர்மையான எதுவும் என் கைக்கு எட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தறி வீட்டில் அதை எப்படிச் செய்வது? இழை வெட்டும் கத்திரி இல்லாமல் தறி ஓடாது. அப்பா அதை ஒரு கயிற்றில் கோத்து அரைஞாணில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை. அம்மா அரிவாள்மனையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தினமும் காயைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே நறுக்கி எடுத்து வந்தார். "உங்க வூட்ல இன்னா ஆச்சு?" என்று அந்த அக்கா கேட்க ஆரம்பித்தார்.

இன்னொன்றும் செய்தார் அப்பா. என்னைத் தறிப் பக்கமே வர வேண்டாம் என்றார். அம்மாவுக்கு என்னைக் கவனிப்பதே வேலையாகிவிட்டதால் வலது பக்கம் ஆளில்லை. கோர்வையை விட்டுவிட்டு, ஒற்றை ஆளே நெய்கிற சாதாரணச் சேலைகளை எடுத்தார். எனக்கு நல்லது என்றுதான் அப்படிச் செய்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த உலகத்தில் நான் இல்லையென்றால் நடக்காது என்று இருந்த வேலை அது ஒன்றுதான். நான் இல்லாமலும் பலகை அதே சத்தத்தில் அடித்தது. சாயங்காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவும் அம்மாவும் கொஞ்ச நாள் நேராகப் பேசினார்கள். கரண்ட் பில் விஷயத்தில் ஒரு சின்ன உரசல் வந்தது, மறுபடியும் "உங்கப்பாகிட்ட சொல்லு" ஆரம்பமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நிவேதா ஒருநாள் வீட்டுக்கு வந்து சாக்லேட் கொடுத்தாள். பேசும்போதெல்லாம் அவள் கண் என் முழுக்கையிலேயே இருந்தது. பிறகு வரவில்லை.

கார்த்திகை வந்தது. அம்மா எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் கடைஞாயிறு என்றால் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றுவது வழக்கம். தலைவலியிலிருந்து சித்தப்பிரமை வரை, தலைக்குள் இருக்கும் எந்த நோயும் தீரும் என்பது நம்பிக்கை. என் தலையில் சட்டியை வைத்து அம்மா கூடவே பிடித்துக்கொண்டு நடந்தார். நெய் உருகும் வாசனை, தலையில் சூடு, நெரிசல். இரண்டாவது சுற்றில் பக்கத்து வீட்டு அக்கா எதிரே வந்தார். என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "ரத்தம் கம்மின்னுதானே சொன்ன? அதுக்கு எதுக்கு மண்டை விளக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா அதை யோசித்தே பார்க்கவில்லை. சாமிக்கு உண்மையைச் சொல்லிவிட்டார், அது ஊருக்கும் கேட்கும் என்பதை மறந்துவிட்டார். மறுநாளிலிருந்து பீட்ரூட் வரவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நான் போனால் பேச்சு நின்றது. சின்னப் பிள்ளைகளை என் பக்கத்தில் உட்கார விடாமல் கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மாவிடம் யாரும் ஊக்கு கேட்டு வரவில்லை.

அந்த வாரம் ஜெனிஃபருக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார். "அவ மறுபடி உள்ள இருக்காம்மா. நீயாவது நல்லா இருக்கியா?" என்றார். நல்லா இருக்கேன் ஆன்ட்டி என்றேன். அந்தச் சமயத்தில் நான் நன்றாக இல்லை. முழுக்கைக்குள் மறுபடியும் ஆரம்பித்திருந்தது. மாத்திரை தவறாமல் போட்டேன், மாதா மாதம் டாக்டரைப் பார்த்தேன், அவர் கேட்டபோது இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால் அம்மா மறுபடியும் திரும்பி நின்று ஊக்கைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதுதான் என் கண் முன்னால் நின்றது.

தை பிறந்ததும் முகூர்த்தச் சேலைகள் வந்து குவிந்தன. கோர்வைச் சேலை ஒன்றை அப்பாவால் தட்டிக் கழிக்க முடியவில்லை. காலை நேரங்களில் அம்மாவை உட்கார வைத்துப் பாதி வரை ஓட்டிவிட்டார். அப்புறம் அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தர்ஷி, செத்த வந்து உக்காரும்மா."

ஆடிக்குப் பிறகு அப்போதுதான் தறியில் உட்கார்ந்தேன். கை எதையும் மறக்கவில்லை. அப்பா நாடாவை ஓட்டினார், நான் கரைக்குப் போட்டேன், பலகை அடித்தது. கொஞ்ச நேரம் எனக்குள் ஏதோ சரியாக இருந்தது போலக்கூட இருந்தது. பிறகு என் முழுக்கை இழையில் மாட்டிக்கொண்டது.

"கைய மடிச்சிக்கோ" என்றார் அப்பா. சேலை மேலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கத்தில் சொன்னார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பலகை நின்றது. நான் மடிக்காமல் இருந்திருக்கலாம், தலை வலிக்கிறது என்று எழுந்து போயிருக்கலாம். அலுத்துவிட்டது எனக்கு. மடித்தேன்.

அப்பா பார்த்தார். ஒரு முழம் தள்ளி, எப்போதும் பார்க்கிற அதே இடத்திலிருந்து.

"நீ தறில உக்காந்தே எத்தினி மாசமாச்சு" என்றார் மெதுவாக. "இது தறி இல்ல." பிறகு, நான் பிறந்ததிலிருந்து அவர் என்னைக் கேட்காத கேள்வியைக் கேட்டார். "நீயா கண்ணு?"

"ம்" என்றேன்.

அவர் கத்தவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்த கேள்வி இதுதானா என்று மட்டும் இருந்தது. அப்பா எழுந்தார். அரைஞாணிலிருந்து கத்திரியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே பார்த்து, "ஏம்மா, எழுந்துக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று அம்மாவிடம் நேராகச் சொன்னார். அப்பாவின் நாடா ஓடி முடிந்திருந்தது. என் நாடா இந்தப் பக்கமே கிடந்தது.

பஸ்ஸில் இந்த முறை நான் நடுவில் இல்லை. ஜன்னல் ஓரத்தில் என்னை உட்கார வைத்து, பக்கத்தில் அப்பா உட்கார்ந்தார், அவருக்கு அந்தப் பக்கம் காய்ச்சலோடு அம்மா. முழுக்கைத் துணிக்கு மேலேயே அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாலாஜாபாத் தாண்டிய பிறகு கேட்டார்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

அவர் நம்பவில்லை.